மொய் நோட்டும் பூ மூட்டையும்

(கீரமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிற தொழில்களில் பிறந்த விளம்பர உத்திகளை நம் தொழிலுக்கு எப்படி எடுத்தாள்வது என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் பேச வருகிறவர்கள் நேரே அமெரிக்காவுக்குப் போய்விடுவது வழக்கம். நான் கீரமங்கலம் கடைவீதியிலிருந்து தொடங்குகிறேன். இந்த வட்டாரத்து மக்கள் யாரிடமும் பாடம் கேட்காமல் ஓர் ஏற்பாட்டை உருவாக்கி, அதை ஆண்டுதோறும் பிசகாமல் நடத்தி வருகிறார்கள். அதை வீட்டில் வைத்துக்கொண்டு உத்தி தேடி ஊர் ஊராக அலைவானேன்?

மொய் விருந்தைத்தான் சொல்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மொய் விருந்து பிளக்ஸ்தான். கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்கெல்லாம் மொய் செய்தவர், தம் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லையென்றால் செய்ததை எப்போது திரும்ப வாங்குவது? இந்தக் கேள்விக்குப் பேராவூரணிப் பக்கத்தில் கண்ட விடை, பிறகு நம் பக்கமும் பரவி வேர்விட்டது. விசேஷம் இல்லாவிட்டால் என்ன, விருந்தையே விசேஷமாக்கிவிடு என்றார்கள்.

ஆடியைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருக்கிறது. முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் பூவுக்கு விலை கிடையாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கவும், போர்வெல் மோட்டாரைச் சரிபார்க்கவும், பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவும் பணம் வேண்டிய மாதமும் அதுவே. கையில் ஒன்றும் இல்லாத மாதத்தில் கை நிறையப் பணம் வரும்படி ஒரு வழக்கத்தை அமைத்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்ல. இதே மாதத்தில் பட்டணத்துத் துணிக்கடைக்காரர்களுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. கல்யாணத் துணி விற்காத மாதத்தைத் தேங்கிய சரக்கைத் தள்ளும் மாதமாக்கி, ஆடித் தள்ளுபடி என்று பெயர் வைத்தார்கள். ஒரே வறட்சிக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள்.

விருந்து நடக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் ஒரு வணிகவியல் ஆசிரியனின் கண்ணால் அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். தனியாக நடத்தினால் செலவு தாங்காது என்று பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தல் போடுகிறார்கள். ஒரே அழைப்பிதழ், ஒரே அடுப்பு, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பு. ஆனால் மொய் வாங்கும் மேசை மட்டும் தனித்தனி. ஒவ்வொரு மேசையிலும் பெயர்ப் பலகை, பணம் எண்ண ஒருவர், எழுத ஒருவர். பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறுகின்றன. வாங்கியதைத் திருப்பிச் செய்கிறவர் அதோடு புதுநடை என்று கொஞ்சம் கூடுதலாகவும் போடுகிறார். அந்தக் கூடுதல் தொகைதான் கணக்கு அத்தோடு முடிந்துபோகாமல் உறவை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகிறது. ஒருவர் ஒருமுறை நடத்தினால் அடுத்த முறைக்குப் பொதுவாக ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் பேராவூரணியில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் நடத்திய மொய் விருந்தில் ஏறத்தாழ 10 கோடி ரூபாய் திரண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. வங்கி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. நோட்டு ஒன்றுதான் இருக்கிறது.

1992இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தில் ஒரு மொய் விருந்து வரும். ஊரார் சாப்பிட்டுவிட்டு இலைக்கடியில் பணத்தை வைத்துவிட்டுப் போவார்கள். பார்க்க நெஞ்சு நெகிழும். ஆனால் அது ஒருமுறை நடக்கிற உதவி. நம் பக்கத்து விருந்து எழுதப்படுகிறது; எழுதப்படுவதால்தான் ஆண்டுதோறும் நிற்கிறது. யார் கொடுத்தார், எந்த ஊர், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் இன்று பெரிய கம்பெனிகள் கோடிகளைச் செலவழிக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அந்த நோட்டு இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மொய் விருந்தில் இத்தனை நுட்பமாகக் கணக்கு வைக்கிற அதே விவசாயி, மறுநாள் விடியற்காலையில் மல்லிகையைக் கமிஷன் கடையில் கொண்டுபோய் இறக்கும்போது இவற்றில் ஒன்றையும் கையில் எடுப்பதில்லை. மூட்டையில் பெயர் கிடையாது. அந்தப் பூ எந்த ஊருக்குப் போனது, யார் வாங்கினார், எத்தனை மணிக்கு மலர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வருகிறார். முல்லையும் காக்கரட்டானும் சம்பங்கியும் கனகாம்பரமும் விளைகிற இந்த மண்ணில், விலை இல்லாத நாட்களில் பூவைக் குளத்தில் கொட்டிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நறுமணத் தொழிற்சாலை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். அது வரும்வரைக்கும் நம் கையில் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியதையும் பார்க்க வேண்டும்.

பிறர் உத்தியை எடுத்தாண்டு உயர்ந்தவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்போம்.

தவணை முறை விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1850களிலேயே அமெரிக்காவில் சிங்கர் தையல் மிஷினை அப்படி விற்றார்கள். தமிழ்நாட்டில் அதை வீட்டுச் சாமான்களுக்குக் கொண்டுவந்து பரவலாக்கியவர் வி.ஜி. பன்னீர்தாஸ். அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர் எச். வசந்தகுமார், 1978இல் தனியே வசந்த் அண்டு கோவைத் தொடங்கினார். தவணை என்ற உத்தி மூன்றாவது கைக்கு வந்துவிட்டது. அப்படியே வைத்திருந்தால் ஆயிரம் கடைகளில் ஒன்றாகப் போயிருக்கும். அவர் தம் முகத்தையே விளம்பரத்தில் வைத்தார். தவணைக்கு வாங்குகிற ஏழைக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு: ஏதாவது பழுதென்றால் யாரைப் போய்க் கேட்பது? இதோ, இந்த ஆளைக் கேள் என்றது அந்தப் படம். மொய் வாங்கியவர் புதுநடை சேர்த்துத் திருப்புவதுபோல, வாங்கிய உத்தியோடு தம்முடையதாக ஒன்றைச் சேர்த்தார். அவருக்குப் பிறகு முதலாளிகள் தாங்களே விளம்பரத்தில் தோன்றுவது தமிழ்நாட்டில் ஒரு மரபாகிவிட்டது.

கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பத்துக் கதை இன்னும் நெருக்கமானது. மருந்துச் சரக்கைச் சிறு பொட்டலத்தில் அடைக்கிற வேலை தெரிந்தவர் அவர். பணக்காரர் வாங்குகிற பொருளைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்று ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே பிரிந்துவந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். கிராமத்தில் ஷாம்பு என்றால் என்னவென்று தெரியாத காலம். ஒரு பையனைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்து அலசி, முடியைத் தொட்டுப் பாருங்கள் என்றார்கள். ரஜினி படம் போட்டுக் காட்டி இடையில் விளம்பரத்தைச் செருகினார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் சிக் பாக்கெட் ஒன்று இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் சரி, பிறகு சிக் பாக்கெட் மட்டுமே. பிறகு அதில் மல்லிகை மணத்தையும் ரோஜா மணத்தையும் சேர்த்தார்கள். பூ விவசாயிகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நம் பெண்கள் தலையில் எந்த மணத்தை விரும்புகிறார்கள் என்று ஒரு ஷாம்பு கம்பெனி அறிந்து, அதை விற்றுப் பெரிதாக வளர்ந்தது.

இந்த உத்திகளில் எதையும் ரங்கநாதன் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. கூட்டம் கூட்டி வித்தை காட்டி விற்பது சந்தைக்காரன் வழக்கம். படம் போட்டு ஆள் சேர்ப்பது டூரிங் டாக்கீஸ் வழக்கம். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது பாத்திரக்காரர் வழக்கம். மூன்றையும் ஒரு பாக்கெட்டுக்குப் பின்னால் நிறுத்தியது அவருடைய திறமை.

மதுரைக்கு வாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் வியந்து பேசியது மெக்டொனால்ட்ஸ் ஹோட்டலைப் பற்றி! எந்த ஊர்க் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே தரம், ஒரே வேகம், குறைந்த விலை. கண்புரை அறுவையை ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்டார். அவர் அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டது ரொட்டியை அல்ல, சமையலறையின் ஒழுங்கை. அதோடு இன்னொன்றையும் கண்டார். சிகிச்சை இலவசம் என்று சொன்னால் மட்டும் கிராமத்துக் கிழவி வந்துவிடமாட்டார். பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி, எல்லாவற்றுக்கும் மேலே பயம். எனவே முகாமை ஊருக்கே கொண்டுபோனார்கள். தேர்வானவர்களைப் பஸ்ஸில் ஏற்றிப்போய்ச் சோறு போட்டு, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பார்வை பெற்றுத் திரும்பிய ஒருவர் தெருவில் நடந்துபோவதைவிட வேறு விளம்பரம் எதற்கு?

கரூர் மாவட்டம் நாகம்பள்ளியில் 2021இல் ஒரு பெட்ரோல் பங்கில், பள்ளிப் பிள்ளைகள் 20 குறள் ஒப்புவித்தால் அப்பா வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல், 10 குறள் என்றால் அரை லிட்டர் என்று அறிவித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விளம்பரம் இது. பெட்ரோலில் தரத்தைக் கூட்டிக் காட்ட முடியாது, விலையைக் குறைக்க முடியாது; எல்லாப் பங்கிலும் ஒரே சரக்கு. பள்ளிக்கூடத்து ஒப்புவித்தல் போட்டியைக் கொண்டுவந்து பங்கில் வைத்தார்கள், குடும்பமே வண்டியில் வந்தது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு நாமும் அப்படியே செய்வோம் என்று கிளம்பினால் நட்டம்தான் வரும். ஒரு ரூபாய்க்குப் பிரியாணி, ஐந்து பைசா நாணயத்துக்குப் பிரியாணி என்று திறப்பு விழா நடத்திய கடைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் கடைக்கு அது புதுமை. பத்தாவது கடைக்குக் கூட்டமும் தள்ளுமுள்ளும் போலீசும்தான் மிச்சம். ஒரு ரூபாய்க்கு வந்தவர் மறுநாள் முழு விலைக்கு வருவதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறோம் என்று அந்தக் கடைக்காரர்களில் பலர் யோசிக்கவே இல்லை. ஓர் உத்தியைப் பார்த்தால், அது வாடிக்கையாளருக்கு எந்தத் தடையை நீக்கியது என்று முதலில் கேட்க வேண்டும். பாக்கெட் ஷாம்பு காசில்லாத் தடையை நீக்கியது, முகாம் பயத்தை நீக்கியது, முதலாளியின் படம் சந்தேகத்தை நீக்கியது. நம் தொழிலில் அந்தத் தடை இல்லையென்றால் அந்த உத்தியால் நமக்குப் பயன் இல்லை.

மொய் விருந்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. கஜா புயல் 2018 நவம்பர் 16இல் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகும், கொரோனாக் காலத்திலும் அந்தச் சுமை எத்தனை பேரை அழுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே மொய்யிலிருந்து வணிகத்துக்கு எடுக்க வேண்டியது நோட்டையும் கூட்டுப் பந்தலையும்தான். கட்டாயத்தையும் கௌரவப் போட்டியையும் தயவுசெய்து எடுக்காதீர்கள். அதே கஜா நேரத்தில் வம்பன் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒருவர், புயலில் நொந்த வாடிக்கையாளர்களின் கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டதாகக் கடையில் எழுதி வைத்தார். விளம்பரம் என்று நினைத்து அவர் செய்யவில்லை. மாவட்டமே அவர் கடையை அறிந்தது.

இனிப் பூவுக்கு வருகிறேன். உலகத்தின் மிகப் பெரிய பூச்சந்தைகளில் ஒன்று நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே ஏலம் மேலிருந்து கீழே இறங்கும். விலை முள் இறங்கி வரும்போது முதலில் கை வைத்தவருக்குப் பூ. இந்த முறை பூக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1887இல் அந்நாட்டுக் காய்கறி விவசாயிகள் தொடங்கியது. வியாபாரிகள் சொன்ன விலைக்கு விற்று அலுத்துப்போன பூ விவசாயிகள் 1911இல் அதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். காலிஃபிளவர்காரரிடமிருந்து ரோஜாக்காரர் இரவல் வாங்கிய உத்தி, ஒரு நாட்டின் பூ வணிகத்தையே எழுப்பியது. அவ்வளவு தூரம் போவானேன், நம் சத்தியமங்கலத்தில் விவசாயிகள் சங்கமே பூவை ஏலம் விடுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு பகல் போதும்.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021 ஜூலையில் மதுரை மல்லியும் வேறு சில உதிரிப் பூக்களும் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் போயின. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதிமுறை அதற்கு உதவியது. பூ எடுக்கப்பட்ட இடங்களாக நிலக்கோட்டை, திண்டுக்கல், சத்தியமங்கலம் என்று சொன்னார்கள். அந்தப் பட்டியலில் கீரமங்கலத்தின் பெயர் இல்லை. பூவில் குறை இல்லை. பெயரில்லாத மூட்டையில் போனதால் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் பெயர் வைப்பதற்கு நம்மைப்போல் கொடுத்துவைத்த ஊர் இன்னொன்று இருக்குமா என்று நினைத்துப் பாருங்கள். மெய்நின்றநாதர் கோயிலில் நக்கீரருக்குச் சிலை வைத்து, அவர் பெயரால் இந்த ஊரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். திருவிளையாடல் கதையில் அந்தப் புலவர் எதற்காக வாதிட்டார்? பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் கிடையாது, சூடுகிற பூவால் வருவதே அந்த மணம் என்று வாதிட்டார். எதிரில் நின்றவர் இறைவனே என்று அறிந்தும் மாற்றிச் சொல்லவில்லை. கூந்தல் மணம் பூவால்தான் என்று சொன்ன புலவரின் ஊரில் நாம் பூ விளைவிக்கிறோம்! ஒரு விளம்பர நிறுவனம் எவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு யோசித்தாலும் இதைவிடப் பொருத்தமான கதையைத் தர முடியாது. அந்தப் பெயரோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. நக்கீரர் பெயரைப் போட்டுவிட்டு நேற்றுப் பறித்த பூவை இன்று பறித்தது என்று விற்கக் கூடாது. எடையில் ஈரம் சேர்க்கக் கூடாது.

ஒரு மல்லிகை மூட்டையில் ஊர்ப் பெயரை அச்சிட ஆகும் செலவு, ஒரு மொய் விருந்துப் பிளக்ஸின் செலவில் சிறு பங்குகூட வராது. துணிக்கடைக்காரர்கள் மஞ்சப்பையில் கடைப் பெயரைப் போட்டு ஊர் ஊராக அனுப்பியதை நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அரசும் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பூவும் அப்படி ஒரு பையில் போகட்டும்.

கீரமங்கலம், சேந்தன்குடி, கொத்தமங்கலம், குளமங்கலம், பனங்குளம் பூ விவசாயிகளுக்கும் கமிஷன் கடை நடத்துகிற பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஆடியில் கூட்டு மொய் விருந்துக்குப் பந்தல் போடும்போது, அதே பந்தலில் ஒரு மாலை நேரம் பூவுக்காக உட்காருங்கள். மொய் நோட்டைப் போல ஒரு நோட்டு வாங்கி, எந்த ஊர் வியாபாரி எந்தப் பூவை எந்த நாளில் எவ்வளவு வாங்கினார் என்று ஓராண்டு எழுதுங்கள். இருபது பேர் சேர்ந்து ஒரே பெயரில் பூவை அனுப்புங்கள். மூட்டையின் மேல் 'கீரமங்கலம்' என்று தெளிவாக எழுதுங்கள். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என் மாணவர்களோடு நானும் வருகிறேன்.